அறுபது சிவப்புச் சீட்டுகள்

செந்தாமரை ஒரு பொருளை ஆகாது என்று ஒதுக்கிவிட்டால் மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அது லாரி ஏறாது. ஒரகடத்தில், பள்ளி கல்லூரிகளுக்குப் பிளாஸ்டிக் எலும்பு மாதிரிகள் செய்யும் கம்பெனி. அங்கே பதினோரு வருடமாகப் பிசிறு வெட்டி, சரிபார்த்து அனுப்புகிறவள் அவள்தான்.

அந்தக் கறார் வாயிலும் இருந்ததுதான் வினை. மருமகள் பூஜாவுக்கு விடிய விடிய வலி எடுத்தும் குழந்தை இறங்கவில்லை; ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். பார்க்க வந்த சொந்தங்களுக்கு முன்னால் இந்த அம்மாள், "குனிஞ்சு நிமிந்து வேல செஞ்சிருந்தா தானா பொறந்திருக்கும். நானும் ரெண்டு பெத்தேனே, கத்தி பட்டுச்சா?" என்றாள்.

பிள்ளை பெற்றவள் தாய்வீடு போவது வழக்கம்தான். ஆனால் குழந்தைக்கு ஐந்தாம் மாதம், தாய்வீடான மண்ணூருக்கு அழைக்கப் போன மகனிடம், "அந்தப் பேச்சு பேசுன வூட்டுக்கு நான் வர்ல" என்று சொல்லிவிட்டாள் பூஜா. செந்தாமரை பேத்தியை செல்போனில்தான் பார்க்கிறாள். பார்த்துப் பார்த்து ஏங்கினாளே தவிர, சொன்னது தப்பென்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அப்போதுதான் புது ஆர்டர் வந்தது. சிம்பன்சியின் இடுப்பெலும்பு, முப்பது லட்சம் வருடத்துக்கு முந்தைய மூதாதை ஒருத்தியுடையது, நம்முடையது என மூன்று. ஒவ்வொன்றோடும் பிறக்கும் குட்டியின் தலை அளவில் ஓர் உருண்டை. செந்தாமரை உள்ளே விட்டுப் பார்த்தாள். ஒடுங்கி உயர்ந்த சிம்பன்சி எலும்பில் தலை இடிக்காமல் கீழே வந்தது. நம்முடையது கிண்ணம் மாதிரி அகன்று லட்சணமாக இருந்தது. தலை பாதியில் சிக்கியது. அடுத்த மனித எலும்பிலும் அப்படியே. வார்க்கும் மோல்டில் கோளாறு என்று முடிவுகட்டி, மனித எலும்புகள் அறுபதுக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டாள்.

"ஏக்கா, லாரி வாசல்ல நிக்கி. என்ன காரியம் பண்ணிட்டிய?" என்று அலறினார் திருநெல்வேலிக்கார சூப்பர்வைசர் பேச்சிராஜ்.

மாதிரிகளை வடிவமைத்த சந்திரலேகா வந்தாள். தலையைப் பக்கவாட்டில் நுழைத்து, நடுவில் மெல்லத் திருப்பினாள். உரசிக்கொண்டே வெளியே வந்தது.

"மோல்டு சரிதான்க்கா. நம்ம அளவே இதான்."

இரண்டு காலில் நிமிர்ந்து நடந்த பிறகு அந்த நீள எலும்பு குட்டையாகி வளைந்ததையும், உள்வழி கோணலானதையும், வெகுகாலம் கழித்துத் தலையும் பெருத்துப்போனதையும் அவள் சொன்னாள். நம் குழந்தை திரும்பித் திரும்பித்தான் வந்தாக வேண்டும்.

"திரும்பலன்னா?"

"மாட்டிக்கும். ஆபரேஷன்தான்."

"வேல செஞ்சிருந்தா?"

"வேல செஞ்சா எலும்பு எப்டிக்கா அகலமாவும்?" சந்திரலேகா சிரித்தாள்.

செந்தாமரைக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அறுபது சீட்டையும் உரித்துப்போட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் மண்ணூர் பஸ் ஏறினாள்.

பூஜா குழந்தையோடு வாசலில் நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"உம்மேல தப்பே இல்லம்மா. கம்பெனில எலும்ப வச்சுப் பாத்தேன், தல சிக்குது. நான் பேசுனதுதான் தப்பு."

"டாக்டரம்மா சொன்னாங்க, நம்பல. நான் அழுதேன், நம்பல. பிளாஸ்டிக் சொன்னா நம்புவீங்களா, அத்த?"

"நம்பாதது என் தப்புதான்" என்றாள் செந்தாமரை.

"எல்லார் முன்னாலயும் பேசுனீங்க. எல்லார்கிட்டயும் சொல்லுங்க. அப்புறம் வர்றேன்."

செந்தாமரை அங்கேயே படியில் உட்கார்ந்தாள். அன்று ஆஸ்பத்திரியில் அந்தப் பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டு நின்ற நாத்தனார் ராஜம்மாவுக்கு முதலில் போன் போட்டு, பூஜாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரை அழுத்தினாள்.