எண்ணூர் வாடைதான் என்றேன்

நாலைந்து வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாத மதியம், எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி போகும் சாலையில் நடந்தது இது.

ராயபுரத்தில் எங்களுக்குச் சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை இருக்கிறது. அப்பா காலத்தில் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து போட்ட கடை. என் மனைவியும் அந்த ஊர்ப்பக்கம்தான். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒரு டீசல் பிக்கப் வாங்கினேன். மூன்றாவது மாதமே மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அணையும், நாலு நாளில் மறுபடி எரியும். ஒருநாள் மேம்பாலம் ஏறும்போது இழுவையே இல்லாமல் நொண்ட ஆரம்பித்துவிட்டது. பின்னால் வந்த கண்டெய்னர் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே என்னை ஒருவழி பண்ணினார்கள்.

திருவொற்றியூரில் தெரிந்த மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"அண்ணாத்த, வண்டி மேல தப்பில்ல. நீ ஓட்றதுதான் தப்பு" என்றார்.

புகைக்கரியைப் பிடித்து வைக்க சைலன்சர் குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறதாம். கரி நிறைந்ததும் வண்டியே அதைச் சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்துகொள்ளுமாம். அதற்கு அரைமணி நேரமாவது நிற்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நானோ சந்துகளுக்குள் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, சாமான் இறக்க இன்ஜினை அணைத்துவிடுவேன். பாதி எரியும்போதே அணைத்தால் கரி அப்படியே தங்கிவிடும். "வாரத்துக்கு ஒருவாட்டி நல்ல ரோட்டுல வுட்டு இய்த்துகினு வா. லைட்டு எரிஞ்சிகினு இருந்தா மட்டும் ஆஃப் பண்ணாத" என்று சொல்லி அனுப்பினார்.

அப்படி ஆரம்பித்ததுதான் அந்த ஓட்டம். முதல் தடவை கிளம்பும்போது மனைவி கடை வாசலில் நின்றுகொண்டு, "சும்மாதான போறீய? நானும் வாரேன்" என்று ஏறிக்கொண்டாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் நாங்கள் இருவர் மட்டும் வேலையில்லாமல் எங்காவது போனோமா என்று யோசித்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எண்ணூர் தாண்டி, கழிமுகத்துப் பாலம் தாண்டி, உப்புக்காற்று முகத்தில் அடிக்கப் போவோம். வளைகுடா மாதிரி விரிந்த தண்ணீரில் நாரைகள் நிற்கும். அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். கடையில் பேசாத பேச்செல்லாம் அவள் அங்கே பேசுவாள். உண்மையைச் சொன்னால், நான் பாதிதான் காதில் வாங்குவேன்.

அந்தப் பங்குனி மதியமும் அவள் கூட வந்தாள். அத்திப்பட்டில் ஒரு கல்யாண வரவேற்பு. பின்னால் சாமியானாத் துணி, மேடைத் திரை, நூறு நாற்காலி. விளக்கு எரிந்துகொண்டிருந்ததால் முதலில் ஓட்டத்தை முடித்துவிட்டுச் சாமானை இறக்கலாம் என்று காட்டுப்பள்ளி சாலையில் விட்டேன். கால்மணி நேரம்கூட ஆகியிருக்காது, கல்யாண வீட்டார் போன் செய்தார்கள். ஓட்டிக்கொண்டே பேசுவது எனக்குப் பழக்கமில்லை. சாலையைவிட்டு ஓரமாக இறக்கி நிறுத்தினேன். இன்ஜினை அணைக்கவில்லை. அதுதான் மெக்கானிக் சொல்லியிருந்தாரே! எதன்மேல் நிறுத்துகிறேன் என்று பார்க்கவில்லை. முட்டிவரை காய்ந்து கிடந்த புல்.

"ஏங்க, ஏதோ கருகுத வாடை வருது" என்றாள்.

"எண்ணூர்ல வேற என்ன வாடை வரும்? கொஞ்சம் சும்மா இரு" என்று சொல்லிவிட்டு, மேடை எத்தனை அடி என்று போனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"இல்லங்க, இது நம்மகிட்டதான் வருது."

நான் கையை மட்டும் அசைத்தேன்.

அந்த நேரம் பார்த்து, சற்றுத் தள்ளிச் சாலையோரம் நண்டு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா கத்திக்கொண்டே ஓடி வந்தார். "யோவ்! வண்டிக்குக் கீய நெருப்பு பத்திகினு கீதுய்யா! வண்டிய முன்ன எடு!"

கண்ணாடியில் பார்த்தேன். மனைவி உட்கார்ந்திருந்த பக்கம் புகை சுருண்டு எழுந்தது. எப்படி கியர் போட்டேன் என்று தெரியாது, வண்டி தாவித் தார்ச்சாலையில் ஏறியது. ஆனால் அடியில் கொதித்துக்கொண்டிருந்த சைலன்சர் குழாயில் சிக்கிய புல்லும் கூடவே எரிந்துகொண்டு வந்தது. சாமியானா கட்டியிருந்த கயிற்றின் நுனி தொங்கி, அதிலும் கங்கு பிடித்திருந்தது.

அந்த அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பாதியாக அறுத்த நீல டிரம்மில் தண்ணீர் ஊற்றி உயிர் நண்டுகளைப் போட்டு வைத்திருந்தார். அதை அப்படியே இழுத்து வந்து வண்டிக்கு அடியில் சாய்த்தார். 'உஸ்' என்று ஆவி கிளம்பியது. ஈரச் சாக்கால் கயிற்றை அடித்தார். என் மனைவி இறங்கி ஓடி, இன்னொரு சாக்கை எடுத்து எரியும் புல்லை அடிக்க ஆரம்பித்தாள். நான் போனைப் பிடித்தபடியே நின்றேன். அதில் இன்னமும் "ஹலோ, ஹலோ" என்றார்கள்.

நெருப்பு அடங்கிய பிறகுதான் பார்த்தோம், சாலை முழுக்க நண்டு! திசைக்கொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. எதிரே வந்த டேங்கர் லாரியைக் கைகாட்டி நிறுத்தி, மூவருமாகக் குனிந்து குனிந்து பிடித்தோம். என் மனைவியின் விரலை ஒன்று கவ்வ, அவள் அலற, அந்த அம்மா சிரித்த சிரிப்பில் எனக்கு உயிர் திரும்பி வந்தது.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "நீ மின்னாடியே சொல்லலியாம்மா?"

"சொன்னேன்" என்றாள் அவள்.

தலையைத் தூக்க முடியவில்லை எனக்கு. வண்டி சூடு ஆறும்வரை காத்திருந்து, அத்திப்பட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கருகிய கயிறு ஒன்று, உருகிய மட்கார்டு ஒன்று. அதோடு போயிற்று. வழியில் அவளிடம், "தப்பு என்மேலதான்" என்றேன். "நண்டுக்குத்தான் வீண் பாடு" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை.

அதன்பிறகு இரண்டு வருடம், வாராவாரம் அந்த ஓட்டம் நடந்தது. விளக்கு அணைந்த பிறகுதான், அதுவும் தார்மேல்தான் நிறுத்துவேன். அந்த அம்மாவோடு கொஞ்சம் பேசிவிட்டு, நண்டு வாங்கிக்கொண்டு திரும்புவோம். பிறகு மீஞ்சூரில் ஒரு குடோன் எடுத்தோம். வண்டி தினமும் அவ்வளவு தூரம் ஓடுவதால் விளக்கு எரிவதே இல்லை. குடோனை அவள் பார்த்துக்கொள்கிறாள், கடையை நான். தொழிலுக்கு நல்லதுதான். ஆனாலும் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும்போது, அந்த மஞ்சள் விளக்கு ஒருநாளாவது எரியாதா என்று மனசு ஏங்குகிறது.

இருபது வருடம் பக்கத்திலேயே இருந்தவள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க நான் பழகியது அந்தச் சாலையில்தான். இன்று மீஞ்சூரிலிருந்து அவள் போன் வந்தால், கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசுகிறேன்.