கிப்லாவுக்குத் திரும்பிய கபுறு

1990 ஒக்ரோபர் இறுதி: இலங்கையின் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். நானும் மனைவி ரஹீமாவும் யாழ்ப்பாணத்தை விட்டு நீங்கினோம். 1993: மகளும் மருமகன் நிஸாரும் எங்களை இத்தாலியின் பலேர்மோவுக்கு அழைத்தனர். 1995 நவம்பர், ஒரு வியாழன் காலை: ரஹீமா மௌத்தானாள். அடக்கம் மறுநாள் என முடிவானது.

நடந்தவை இவை. இனி, கிடைத்த உதவியைச் சொல்கிறேன்.

அவள் இறுதியாகக் கேட்டது ஒன்றுதான். “ஊரிலையிருந்து கலைச்சுப்போட்டினம். கபுறிலையாவது என்னைச் சரியாக் கிப்லாவைப் பார்க்க வையுங்கோ.” கபுறு அடக்கக்குழி, கிப்லா மக்காவிலுள்ள கஃபாவின் திசை. வரலாறு கற்பித்த நான் வாக்களித்தேன்.

அன்று மாலை மையவாடிக்குச் சென்றோம். நிஸார் முற்பகலிலேயே குழி வெட்டுவித்திருந்தார். தொழுகைக்குத் திசை தெரிந்தவர்தான். கபுறு என்றதும் ஊர்ப் பழக்கம் முந்திவிட்டது. முகம் மேற்கே பார்க்கும்படி வெட்டியாயிற்று. யாழ்ப்பாணத்துக்கு மக்கா மேற்கே. பலேர்மோவுக்கோ தென்கிழக்கே.

“மாமா, கபுறெண்டால் மேற்குத்தானே!”

“அது அங்கை, மகன். இஞ்சையிருந்து மேற்கைப் பார்த்தால் ஸ்பெயின்தான் வரும்.”

நிஸார் தலைகுனிந்தார். குழியைத் திருப்பி வெட்டக் கேட்டார். மையவாடிக் காவலரோ கையை விரித்தார். வரிசை கோணக் கூடாதாம். செத்தவர்களுக்குத் திசை எதற்காம்.

உடன் வந்த நிஸாரின் நண்பர் சொன்னார்: “சேர், தலைமாட்டை மாத்தி வைப்பம். முகம் கிழக்கை வரும். கிட்டத்தட்டச் சரி. வந்த இடத்திலை சண்டை வேண்டாம்.”

மார்க்கத்தில் சலுகை உண்டென்பதை நான் அறிவேன். ஆனால் அவள் ‘கிட்டத்தட்ட’ என்று கேட்கவில்லை.

மதீனாவிலுள்ள மஸ்ஜிதுல் கிப்லதைன், அதாவது இரு கிப்லாப் பள்ளிவாசலின் வரலாற்றை அவர்களுக்குச் சொன்னேன். முஸ்லிம்கள் முதலில் ஜெரூசலத்திலுள்ள பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதனர். கட்டளை இறங்கியதும், அந்த இடத்தில், தொழுகையின் நடுவிலேயே கஃபாவை நோக்கித் திரும்பினர் என்பது மரபு. எவரும் வெட்கப்படவில்லை. எவரும் வரிசையைக் காரணம் காட்டவில்லை, வரிசையே திரும்பியது. வரிசை திசைக்காக. திசை வரிசைக்காக அல்ல.

“சரியான குழி இல்லாமல் மையித்தைத் தரமாட்டன்” என்றேன்.

மஃரிபை, அந்தித் தொழுகையை, பலேர்மோவின் கால்சாக் கடலோரத்தில் தொழுதேன். 1990க்குப் பின் நான் தொழுகையை விட்டதில்லை. ஆனால் எதையும் கேட்டதுமில்லை. அன்று கேட்டேன். “யா அல்லாஹ், ஊர் போனது, பொறுத்தேன். இந்தத் திசையை விடமாட்டேன். வழியைத் திற.”

விடியும்போது கனமழை. மையவாடிக்குப் போனால், அந்தக் குழி பக்கங்கள் இடிந்து, சேறு நிரம்பிக் கிடந்தது. காவலர் குழியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு மதிலோரத்து வெற்றிடத்துக்கு எங்களை நடத்திச் சென்று ஏதோ முணுமுணுத்தார். நிஸார் மொழிபெயர்த்தார்: “இந்த மூலையிலை வரிசை இல்லையாம். புரொபெசோரே, அதான் வாத்தியார், தன்ரை மக்காவைக் காட்டட்டாம்.”

குடையின் நுனியால் கோடு கீறினேன். நிஸாரே மண்வெட்டியை வாங்கினார். ரஹீமா மக்காவைப் பார்த்துத் துயில்கிறாள்.

நவம்பர் மழை இங்கு புதுமையன்று என்பீர்கள். எனக்கும் தெரியும். நான் கேட்டேன், கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ். இப்போது ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கேட்கிறேன். சகோதரர்களே, உங்களுக்கு மறுக்கப்பட்ட இடத்திலேயே நின்று நீங்களும் கேளுங்கள். குறைத்துக் கேளாதீர்கள்.

இன்னும் கேட்பதில் மீதமுள்ளவை:

கபுறுக்கு ஒரு பெயர்க்கல்.

அவள் பார்க்க விரும்பிய இரு கிப்லாப் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுகை.

யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிவாசலைத் திறந்து, மேற்கு நோக்கி ஒரு தொழுகை.