தண்ணீர் கேன் இடம் மாறிய வாரம்

பெரம்பலூரில் நான் நடத்தும் தையல் கூடத்துக்கு வந்த முதல் பெரிய ஆர்டர், கீழப்பழுவூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கான சீருடைச் சட்டைகள். பள்ளி திறப்பதற்குள் கொடுத்தால் அடுத்த வருடமும் எங்களுக்கு. தவறினால் வேறு ஆளுக்கு. தலைக்கு மேல் வேலை கிடக்கும்போது ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதானே? நான் அரியலூருக்குப் போய், வீணைக் குறைத்து உற்பத்தியைக் கூட்டச் சொல்லித்தரும் ‘லீன்’ பயிற்சியில் உட்கார்ந்தேன்.

வேலைக்கு உதவாத நடையெல்லாம் வீண் என்றார் பயிற்சியாளர். பஸ்ஸில் திரும்பும்போதே எனக்குக் கை பரபரத்தது.

மறுநாள் கூடத்து வாசலில் நின்று கவனித்தேன். தண்ணீர் கேன் கோடி மூலையில் இருந்தது. தைக்கும் பெண்கள் எல்லா மிஷினையும் தாண்டிப் போவார்கள், நடுவில் நின்று யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசுவார்கள். அடேயப்பா, எவ்வளவு நடை! ஆளுக்கொரு பாட்டில் வாங்கி நிரப்பி வைத்தேன். கேனை என் அறைக்குக் கொண்டுபோனேன்.

“இனிமே யாரும் எந்திரிக்க வேணாம். தண்ணி உங்ககிட்டயே இருக்கு.”

ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். என்னை மெச்சுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டைகள் மளமளவென்று குவிந்தன. போட்டோ எடுத்துப் பயிற்சியாளருக்கு அனுப்பினேன். சனிக்கிழமை மடித்துக் கட்டும்போதுதான் பார்த்தேன்: ஒரு கட்டு முழுக்கப் பாக்கெட் வலது பக்கம். பாக்கெட் வைப்பவர் புதிதாக வந்தவர், துணியை மாற்றிப் போட்டிருக்கிறார்.

“இத்தனை பேர் இருக்கீங்க, ஒருத்தர்கூடப் பாக்கலியா?” என்று கத்தினேன்.

“நீங்கதானக்கா எந்திரிக்க வேணாம்னீங்க?” என்றார் காலர் தைப்பவர்.

தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் நடுவில் நின்றது, அடுத்தவர் தையலைப் பார்க்கத்தான். “என்னடி, கை கோணுது?” என்பதுதான் அந்த இரண்டு வார்த்தை. அதைத்தான் காசு கொடுத்துப் பாட்டில் வாங்கி நிறுத்தியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்தார்கள். அந்தக் கட்டிலிருந்த பாக்கெட்டையெல்லாம் உட்கார்ந்து பிரித்து, இடது பக்கம் வைத்துத் தைத்தோம். ஊசித் துளை தெரியாமல் தண்ணீர் தெளித்துத் தேய்த்தோம். கேனை நானே தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய மூலையில் வைத்தேன். பள்ளி திறக்கும் முன் சட்டைகள் போய்ச் சேர்ந்தன.

அந்த வாரமே பயிற்சியாளர் போன் செய்தார். “உற்பத்தி எவ்வளவு கூடுச்சு மேடம்?”

“நல்லாவே கூடுச்சு சார். ஒரே சட்டைய ரெண்டு தடவ தச்சோம்.”