சுண்ணாம்பில் ஊறிய மக்காச்சோளம்

ரொசாரியோவைப் பார்க்கும் எவரும் எங்கள் தமிழ்நாட்டுப் பெண் என்றுதான் நினைப்பார்கள். மாநிறம், குள்ளம், இடுப்பு வரை பின்னல். பிறந்தது மெக்சிகோவில் ஒரு மலையூர். டெல்லிக்குப் படிக்க வந்தவள், அவளுடைய விடுதிக்கு வண்டி ஓட்டிய ராஜவேலுவைக் கட்டிக்கொண்டு, லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் பின்கட்டு அறைக்குக் குடிவந்தாள். மாமியார் அருக்காணி பேசிய கோயமுத்தூர்த் தமிழ்தான் அவள் வாயிலும்.

போன வருஷம் ராஜவேலுவின் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். வண்டி ஓட்ட முடியவில்லை.

கோல் மார்க்கெட் பக்கம் திறந்த மெக்சிகன் ஓட்டலில் நான் காய் நறுக்குகிறேன். அவளை அங்கே அழைத்துப் போனேன். "அசல் மெக்சிகோக்காரி!" என்று முதலாளி பல்லா குதித்தார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். இந்தச் சம்பளம் நின்றால் டயாலிசிஸும் நிற்கும்.

அவள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைத்தாள்.

"வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பேதானுங்க்கா. இது இல்லீன்னா மாவு ஒட்டாதுங்க."

சூடான ரொட்டியை என் கையில் வைத்தாள். வெள்ளையடித்த சுவர் நனைந்தாற்போல் ஒரு வாசம்.

தட்டுகள் பாதியில் திரும்பி வந்தன. "பையா, சீஸ் எங்கே? மக்காச்சோள ரொட்டியை வீட்டிலேயே தின்னுவோமே!" தமிழ்க் குடும்பம் ஒன்றும் வந்தது. "மெக்சிகோன்னா காரமா இருக்கும்னாங்க. இது என்ன, பத்தியச் சாப்பாடு?"

பல்லா கூப்பிட்டார். "மேடம், உங்க ஊர் இருக்கட்டும். டப்பா சாஸ், மேலே சீஸ், ஜல்தி." அகலமான வைக்கோல் தொப்பி ஒன்றையும் நீட்டினார். வாசலில் நின்று வரவேற்க வேண்டுமாம்.

"எங்கூர்ல இது பாட்டுக்கார ஆம்பளைங்க போடறதுங்க்கா," என்று என்னிடம் சொன்னாள். போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை ஒரு கூட்டம் அவளோடு படம் எடுத்தது. "தீதி, உண்மையைச் சொல்லு. மதராஸா, ஜார்க்கண்டா?"

"மெக்சிகோ."

"அப்போ நான் ஜப்பான்!" மேசையே சிரித்தது.

மறுநாள் இடுப்பில் பாஸ்போர்ட்டைச் செருகிக்கொண்டு வந்தாள். சந்தேகப்பட்ட ஒருவரிடம் விரித்துக் காட்டினாள். அதையும் ஓட்டல் வேடிக்கை என்று எண்ணி அவர் கைதட்டினார். பல்லா பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ஜ்யோத்ஸ்னா வந்தாள். வெளுத்த நிறம், கல்லூரிப் பெண். "இனி வாசலில் இவள். நீங்க வெளியே வராதீங்க," என்றார் பல்லா.

"வேலை இருக்குமா, சாப்?" ரொசாரியோ கேட்டது அது ஒன்றுதான்.

"டப்பா திறக்க ஆள் வேணுமே."

சற்று நேரத்தில் அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அக்கா, வாங்கன்னு உங்க பாஷைல எப்படிச் சொல்றது?"

ரொசாரியோ மூன்று தடவை சொல்லிக் கொடுத்தாள். தொப்பி அந்தப் பெண்ணுக்குப் பெரிது, கண்ணை மறைத்தது. ரொசாரியோ ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, கயிற்றை அவள் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டிவிட்டாள்.

பிறகு, ரொட்டிக்கென்று இன்னும் வாளியில் ஊறிக்கொண்டிருந்த மக்காச்சோளத்தைத் தூக்கிக் குப்பையில் கொட்டினாள். சுண்ணாம்புத் தண்ணீர் மஞ்சளாகத் தரையில் ஓடியது. அதைத் துடைத்துவிட்டு, அடுத்த டப்பாவை எடுத்தாள்.