வலிக்காத முழங்காலுக்கு வைத்தியம்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்குச் சில வருடங்கள் முந்தைய ஜூன் மாதம். என் மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். கடைவீதியில் எனக்குச் சின்னதாக ஒரு செருப்புக் கடை. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே வந்து மர ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கழற்றிப் போடும் பழைய செருப்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. "அத்தா, இவரு வலது கால இழுத்து நடக்கறாரு" என்று காதில் கிசுகிசுப்பாள். சரியாகத்தான் இருக்கும். நான் சொல்லிக்கொடுத்த வித்தைதானே! செருப்பு எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் ஆள் எப்படி நடக்கிறார் என்று தெரிந்துவிடும். அதற்கேற்ற செருப்பை எடுத்துக் காட்டினால் பேரம் சீக்கிரம் முடியும். என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

அவள்தான் ஒரு நாள், "நான் பிசியோதெரபி படிக்கப் போறேன் அத்தா" என்றாள். நாலரை வருடம். தனியார் கல்லூரி, ஹாஸ்டல். நான் ஆசை ஆசையாக வாங்கிப் போட்டிருந்த ஒரே மனையை விற்றால்தான் ஆகும். உள்ளூரிலேயே பி.காம். பஸ் பாஸ் செலவோடு முடிந்துவிடும். பணம் கட்ட மூன்று வாரம் கெடு.

எனக்குப் பதற்றம் வந்தால் செருப்பு டப்பா மூடியில் கணக்குப் போடுவேன். அன்று ஏழு மூடி காலி. இந்தப் படிப்புக்கு எத்தனை ஜோடி ரப்பர் செருப்பு விற்க வேண்டும் என்று பார்த்தேன். ஊரில் எல்லோருக்கும் மூன்றாவது கால் முளைத்தால்கூடப் போதாது என்று வந்தது. மனைவி ஒரு சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டு, "படிக்கப்போறது அவ. நீங்க ஏன் இப்பவே ஆஸ்பத்திரில சேரப் போறவராட்டம் மூஞ்சிய வச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள்.

ஆஸ்பத்திரி என்றதும் எனக்கு யோசனை உதித்தது. எங்கள் கடைவீதியில் ஒரு வழக்கம் உண்டு. எதிர்க்கடையில் ஒரு சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்று தெரிய வேண்டுமானால் நேரில் போய்க் கேட்க மாட்டோம். முகம் தெரியாத ஆளை வாடிக்கையாளர் போல அனுப்புவோம். படிப்பும் சரக்குதானே! சங்கராபுரத்தில் ஒரு பெண் பிசியோதெரபி நிலையம் நடத்துவதாகக் கேள்விப்பட்டு, மறுநாளே பஸ் ஏறினேன். நோயாளியாக.

வாசலில் செருப்பைக் கழற்றியதுமே நொண்ட ஆரம்பித்தேன். வலது முழங்கால், ஆறு மாதமாக வலி, காலை ஊன்றவே முடியவில்லை என்று உருக்கமாகச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். என்னைப் படுக்க வைத்துக் காலை மடக்கி நீட்டிப் பார்த்தார். நான் நடுநடுவே "ஆ" போட்டபடி, "ஒரு நாளைக்கி எத்தினி பேரு வருவாங்கம்மா? வாடகை போக இன்னா நிக்கும்?" என்று தூண்டில் போட்டேன்.

அவர் எழுந்து வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பொண்ணா, பையனா சார்?"

"யாரு?"

"காலேஜ்ல சேக்கத்தானே விசாரிக்க வந்தீங்க? இந்த சீசன்ல நீங்க மூணாவது ஆளு. போன வாரம் வந்தவருக்குக் கழுத்து வலி."

நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இன்னொரு "ஆ" போட்டேன்.

"ஆறு மாசமா வலது கால ஊனலன்னீங்க. வெளில உங்க செருப்பு ரெண்டும் ஒரே மாதிரி தேஞ்சி கெடக்குதே!"

இருபது வருடமாக ஊரார் செருப்பை எடைபோட்ட எனக்கு, என் செருப்பு காட்டிக்கொடுக்கும் என்று தோன்றவே இல்லை. "நான் செருப்புக் கடைதாம்மா வச்சிருக்கேன்" என்று உளறினேன். அவர் சிரித்த சிரிப்பில் சுவரில் இருந்த பல்லி ஓடியது.

சிரித்து முடித்துவிட்டு உண்மையைச் சொன்னார். "முடிச்சதும் ஒரு ஆஸ்பத்திரில சேந்தேன். எங்க அண்ணன் கட்டட வேலையில வாங்கன கூலி என் சம்பளத்தவிட ஜாஸ்தி. அஞ்சி வருஷம் கழிச்சிதான் இந்த ரூம் போட்டேன். இப்ப பரவால்ல. போட்ட பணத்த சீக்கிரம் எடுக்கணும்னா சேக்காதீங்க சார். சேக்கறதுன்னா, காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கா, கூட இருக்கற ஆஸ்பத்திரிக்கி நெசமாவே நோயாளிங்க வராங்களான்னு பாருங்க. கட்டடத்தப் பாத்து ஏமாந்துடாதீங்க."

நல்லது, பி.காம். என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டு எழுந்தேன். அப்போது கல்வராயன் மலையிலிருந்து பஸ்ஸில் வந்த ஓர் அம்மா கோலூன்றி உள்ளே நுழைந்தார். புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்தவராம். முறிந்த இடது கால் ஒட்டும்போது குட்டையாகிவிட்டது. ஒரு வருடமாகக் கூலி வேலைக்குப் போகவில்லை.

"இவங்களுக்கு இடது பக்கம் மட்டும் முக்கா இஞ்சி ஒசரமா ஒரு செருப்பு வேணும். எந்தக் கடையிலயும் கெடைக்கல" என்றார் பிசியோதெரபிப் பெண்.

அந்த அம்மா என் தொப்பியைப் பார்த்தார். "ஜோடின்னா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும்னு வெரட்டறாங்க பாய்."

என் கடைக்கு வந்திருந்தால் நானும் அப்படித்தான் விரட்டியிருப்பேன். பொய் வலிக்குப் பரிகாரமாக, அளவு எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

வீட்டில் கதையைச் சொன்னதும் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. "முக்கா இஞ்சியும் ஒரேடியா ஏத்தினா இடுப்பு வலிக்காதா அத்தா? மொதல்ல பாதி ஏத்தலாம். பழகனதும் மீதிய ஒட்டலாம்" என்றாள். ஸ்டூலில் உட்கார்ந்து ரப்பர் ஷீட்டை வெட்டி அடுக்கடுக்காக ஒட்டியது அவள்தான். நான் பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அந்த அம்மா வரும் நாளாகப் பார்த்து மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். பாதி உயரத்தைப் பார்த்ததும் பிசியோதெரபிப் பெண், "இத நானே சொல்ல மறந்துட்டேன். யார் சொன்னது?" என்றார். நான் மகளைக் காட்டினேன். மலைக்கார அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை நடந்தார். திரும்பி வரும்போது கோலை ஊன்றாமல் அக்குளில் இடுக்கியிருந்தார்.

"தரை நேராயிட்ச்சி பாய்!" என்றார். பிறகு என் மகளிடம் திரும்பி, "வேலைக்கிப் போலாமாம்மா?" என்று கேட்டார். என் மகளிடம்! நேற்றுவரை என்னிடம் பானிபூரிக்குக் காசு கேட்டவளிடம்!

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கேட்டிருந்தால் நான் ஏதாவது நொண்டிச் சாக்குச் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஊரில் இறங்கியதும் மனைக்கு ஆள் பார்த்தேன். கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது பணம் கட்டினேன். அவசரத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நான் போட்டுவிட்டு, வேறு படிவம் வாங்க மறுபடி வரிசையில் நின்றேன்.

படிப்பு முடிந்து அவள் வாங்கிய முதல் சம்பளத்தைக் கேட்டதும் இன்னொரு டப்பா மூடியைத் தேடியது உண்மைதான். என் மனையில் இப்போது யாரோ மாடி வீடு கட்டியிருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் மட்டும் பார்க்க மாட்டேன். மகள் வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். எனக்கு நிஜமாகவே முழங்கால் வலி வந்துவிட்டது. போனில் புலம்பினால், "மொதல்ல செருப்பத் திருப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கத்தா" என்கிறாள். என் வாய் வார்த்தையை நம்புவதில்லை.

அந்தப் படிப்பு லாபமா நஷ்டமா என்று இன்றுவரை எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனால் ஆயிரக்கணக்கில் ஜோடி விற்ற நான் உருப்படியாகக் கொடுத்தது இரண்டும் ஒன்றாக இல்லாத அந்த ஒரு ஜோடியைத்தான் என்று, காலியாகக் கிடக்கும் அந்த மர ஸ்டூலைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.