மாஸ்டரின் வலது கால்

சிக்னலில் வண்டி நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வங்கி மேடம் பிரேக்கைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள், பக்கத்து இருக்கையில் இருந்த மாஸ்டரின் வலது கால் வேலையை முடித்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்தொரு வருடமாக அந்தக் காலுக்கு அதுதான் பிழைப்பு.

"மாஸ்டர், நீங்க டிரம்ஸ் வாசிப்பீங்களாமே?" என்றார் மேடம். போன மாதம்தான் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். "நானும் என் கூட வேலை பார்த்தவங்க நாலு பேரும் சேர்ந்து ஒரு மியூசிக் குரூப் ஆரம்பிக்கலாம்னு இருக்கோம். ஏதாவது யோசனை சொல்லுங்களேன்."

"சொல்றேன். வேண்டாம்."

"அட, என்ன இப்படிச் சொல்றீங்க!"

"நீங்க நல்லா இருக்கணும்னுதான் சொல்றேன் மேடம். முதல்ல, ஃப்ரெண்ட்ஸை வெச்சு ஆரம்பிக்காதீங்க."

"அப்ப யாரை வெச்சு ஆரம்பிக்கறது? முன்னப்பின்ன தெரியாதவங்களையா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஃப்ரெண்ட்ஸ் வேண்டாம், அவ்வளவுதான். அப்புறம் பேர் வைக்காதீங்க. பேர் வெச்சா உடனே டீ-ஷர்ட் அடிக்கணும்பாங்க. வீட்டுக்காரம்மாவோட தம்பி, வீட்டுக்காரரோட தம்பி, எவனையும் கிட்ட சேர்க்காதீங்க. பச்சை விழுந்துடுச்சு. கிளட்ச்! கிளட்ச் மேடம்!"

பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடித்தன. மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரம் அவர் இருந்த எரிச்சலுக்கு, ஹாரன் சத்தம் ஒன்றுதான் பாக்கியாக இருந்தது.

அவருடைய இசைக்குழுவுக்கு ஒன்பது மாதம் வயது. நான்கு பேர். டிரம்ஸ், மாஸ்டர். கிட்டார், அவரோடு ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்த குண்டூசி. ஆள் ஒல்லி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். பாட்டு, மாஸ்டரின் மைத்துனன். மருந்து கம்பெனிப் பிரதிநிதி. கீபோர்டு, பல் டாக்டர். குண்டூசி கடையில் கண்ணாடி போட வந்த இடத்தில் பேச்சுக் கொடுத்து மாட்டிக்கொண்டவர் அவர்.

ஆரம்பித்த அன்று என்ன ஆர்ப்பாட்டம்! ஆளாளுக்குக் கனவு. குழுவுக்குப் பெயர் வைக்க மட்டும் மூன்று மாதம் ஆனது. அறுபத்தேழு பெயர்கள் வந்தன, அறுபத்தேழுக்கும் யாராவது ஒருவர் முகம் சுளித்தார். கடைசியில் பெயரே முடிவாகாத நிலையில் மைத்துனன் டீ-ஷர்ட் அடித்துக்கொண்டு வந்துவிட்டான், நெஞ்சில் வெறும் கிட்டார் படத்தோடு. எல்லாம் ஒரே அளவு. டாக்டருக்கு அது முழங்கால் வரை வந்தது, மாஸ்டருக்குத் தொப்புளைத் தாண்டவில்லை.

ஒத்திகை ஞாயிறு காலை, டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில். ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கடைவாய்ப் பல்லை நெடுக வெட்டிக் காட்டும் படத்துக்குக் கீழே டிரம்ஸைப் போடுவார்கள். மாஸ்டர் பெரிய டிரம்மின் மிதியை வலது காலால் அழுத்தும்போதெல்லாம் மூலையிலிருந்த மீன்தொட்டியின் தண்ணீர் அதிரும். மீன்கள் பாவம், அவற்றுக்கு எழுந்து போக வழியில்லை.

எடுத்துக்கொண்டது ஒரே பாட்டு. மைத்துனன் எழுதியது, மெட்டு டாக்டருடையது. நான்கு நிமிடப் பாட்டு. ஒன்பது மாதத்தில் ஒரு தடவைகூட அதை அவர்கள் முழுதாக வாசித்ததில்லை. எங்கேயாவது தப்பும், நிற்கும். யாரால் தப்பியது என்று பேச்சு வரும். மைத்துனன் தொண்டை சரியில்லை என்பான், டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது சரணத்தில் என்ன வருகிறது என்பதே பாதி பேருக்கு மறந்துவிட்டது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் யார் என்பதில் மாஸ்டருக்குத் துளி சந்தேகம் இல்லை. குண்டூசிதான். பல்லவி முடிந்து கிட்டார் நுழைய வேண்டிய இடத்தில் அவன் எப்போதும் அரைக்கால் நொடி பிந்துவான். லென்ஸைத் தேய்த்துத் தேய்த்து ஃபிரேமில் உட்காரவைக்கிறவனுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது.

போன ஞாயிறு அது வெடித்தது. முப்பத்தோராவது ஒத்திகை. குண்டூசி பிந்தினான், பாட்டு நின்றது. மாஸ்டர் குச்சிகளைத் தரையில் வீசினார்.

"உன்னாலதான்டா! ஒன்பது மாசமா உன் ஒருத்தனால நாங்க மூணு பேரும் ஞாயித்துக்கிழமையைத் தொலைச்சுட்டு நிக்கறோம். கை வரலைன்னா கடையில போய் உட்காரு. எங்க உயிரை ஏன் வாங்கற?"

குண்டூசி மாஸ்டரை ஒரு கணம் பார்த்தான். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே போய்விட்டான். முப்பத்தைந்து வருடப் பழக்கத்தில் இருவரும் எத்தனையோ தடவை சட்டையைப் பிடித்திருக்கிறார்கள். அவன் பதில் பேசாமல் போனது அன்றுதான்.

அதன்பிறகு போன் எடுக்கவில்லை. தினமும் மாலை ஆறரைக்கு, வகுப்பு முடிந்து வரும் மாஸ்டரும் கடையில் ஆள் குறையும் குண்டூசியும் தெருமுனையில் நின்று டீ குடிப்பார்கள். திங்கள் வரவில்லை. செவ்வாயும் இல்லை. மாஸ்டர் தனியாக நின்று குடித்தார். டீக்கடைக்காரர் வேறு, "எங்க சார் உங்க ஜோடி?" என்று கேட்டுத் தொலைத்தார்.

"போய் ஒரு வார்த்தை பேசிட்டு வாங்களேன்" என்றாள் மனைவி.

"நான் ஏன் பேசணும்? தப்புப் பண்ணினது அவன்."

"அவர் அன்னிக்கு..."

"அவனுக்கு வக்காலத்து வாங்காத."

"நான் சொல்ல வந்ததை முழுசாக் கேட்டீங்களா? கல்யாணமாகி இருபது வருஷத்துல ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வாயால் சொன்னால்தானே நம்பமாட்டார்கள்? கையில் ஆதாரத்தைக் கொடுத்தால்? டாக்டர் எதையும் பதிவு செய்து தேதி போட்டு வைக்கிறவர். பல்லைப் பிடுங்கினாலும் அப்படித்தான், பாட்டுப் பாடினாலும் அப்படித்தான். முப்பத்தொரு ஒத்திகையிலும் முதல் தடவை வாசித்தது அவர் போனில் இருந்தது. கேட்டதும் அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை மதியம் மேடம் வருவதற்கு முக்கால் மணி நேரம் இருந்தது. மாஸ்டர் வண்டியை மரத்தடியில் நிறுத்தி, வழக்கமான தன் இருக்கைக்கு மாறி உட்கார்ந்து, நோட்டில் கட்டம் போட்டார். தேதி, நின்ற இடம், காரணம் யார். குண்டூசி பெயரை முப்பத்தொரு தடவை எழுதத் தயாராக, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டார்.

முதல் பதிவு. பல்லவி முடிந்தது. கிட்டார் பிந்தியது. 'வசமா மாட்டினான்' என்று எழுதப் போனவர் நிறுத்தினார். கிட்டார் பிந்தியது உண்மை. ஆனால் பிந்தினாலும் வந்துவிட்டது. மைத்துனன் பாடிக்கொண்டுதான் இருந்தான், கீபோர்டும் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று பெரிய டிரம் 'தும்' என்று ஒரு தடவை அதிர்ந்து, தாளம் நின்றது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள்.

சரி, அன்றைக்கு ஏதோ அப்படி. இரண்டாவது பதிவில் டாக்டர் ஒரு கட்டை தப்பி அடித்தார். தும். மூன்றாவதில் மைத்துனன் வரியை மறந்து 'லாலா' போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தான். தும். எட்டாவதில் யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, யாரோ இருமினார்கள். தும்!

மாஸ்டர் பன்னிரண்டாவதைப் போட்டார். கிட்டார் பிந்தியது. காருக்குள் ஏதோ 'டக்' என்றது. குனிந்து பார்த்தார். அவர் வலது கால் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. நின்றுகொண்டிருக்கும் வண்டியில், என்ஜின் அணைந்த வண்டியில், ஐந்து மாதத்துக்கு முந்தைய தப்புக்கு!

அவருக்கு முதலில் வந்தது கோபம்தான். யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் தன் தொடையிலேயே ஒரு குத்து விட்டார். இருபத்தொரு வருடத்தில் எத்தனை பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்திருப்பார்! அடுத்தவன் தப்புச் செய்தால் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் யாராவது சாவார்கள் என்று அந்தக் காலுக்கு ஊறிப்போயிருந்தது. பாட்டில் யாரும் சாகமாட்டார்கள் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை. வீட்டிலும் அப்படித்தானோ என்று நினைத்தவுடன் காது சுட்டது.

முப்பத்தொன்றையும் கேட்டு முடித்தபோது நோட்டின் மூன்றாவது கட்டத்தில் ஒரு பெயரும் இல்லை. மேடம் வந்து கதவைத் திறந்து, "என்ன மாஸ்டர், உடம்பு சரியில்லையா?" என்றார்.

"மேடம், அன்னிக்கு நான் சொன்ன யோசனை எல்லாத்தையும் மறந்துடுங்க. நான் ஒரு மடையன்."

மாலை ஆறரைக்கு அவர் கண்ணாடிக் கடைக்குப் போனார். குண்டூசி ஒரு வாடிக்கையாளரின் ஃபிரேமில் மூக்குத்தாங்கியைத் திருகிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தவில்லை. மாஸ்டர் கண் பரிசோதிக்கும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். எதிர்ச் சுவரின் எழுத்து அட்டையில் கடைசி வரி தெரியவில்லை. அதைச் சொல்லவும் அது நேரமில்லை. வாடிக்கையாளர் கண்ணாடியைப் போட்டுக் கழற்றி, மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுப் போக அரைமணி நேரம் ஆனது.

"பாட்டை நிறுத்தினது நான்தான்டா" என்றார் மாஸ்டர். "எல்லாத்தையும் கேட்டுட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"மூணாவது வாரமே தெரியும். டாக்டருக்கும் தெரியும். உன் மச்சானுக்கும்கூடத் தெரியும். நான் உன்கிட்ட..."

"அப்புறம் ஏன்டா ஒருத்தனும் சொல்லல? ஒன்பது மாசம்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

"பார்த்தியா? இப்பவும் நிறுத்திட்ட." குண்டூசி சின்னத் திருப்புளியை மேஜையில் வைத்தான். "நாலு தடவை சொல்ல வந்தேன். நாலு தடவையும் பாதியிலயே, 'நீ பேசாத, முதல்ல நேரத்துக்கு வாசி'ன்னுட்ட. சரி, போகட்டும்னு விட்டோம். ஞாயித்துக்கிழமை நாலு பேரும் ஒண்ணா இருக்கோமே, பாட்டு என்னிக்காவது முடியட்டும்னு இருந்தோம். நான் லேட்டா வாசிக்கறவன்தான், ஒத்துக்கறேன். ஆனா நான் உங்க உயிரை வாங்கறேன்னு சொன்ன பாரு. அது எனக்கு ரொம்ப வலிச்சுதுடா."

மாஸ்டருக்கு இடையில் புகுந்து சொல்ல எட்டு வார்த்தைகள் நாக்கு நுனிக்கு வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் பேசி முடித்த பிறகு, "தப்புதான். மன்னிச்சுடு" என்றார். அதை அவர் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை.

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுக் குண்டூசி கடை விளக்குகளை அணைக்க ஆரம்பித்தான். டீக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் முக்கால் மணி நேரம் முன்னதாகவே கிளினிக்குக்குப் போய்விட்டார். டாக்டர் வந்தார், மைத்துனன் டீ-ஷர்ட்டோடு வந்தான். ஒன்பது மணி. ஒன்பது பத்து. "வர்ற மாதிரி தெரியல மாமா" என்றான் மைத்துனன். மாஸ்டர் அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். அவன் மீன்களுக்குத் தீனி போடப் போய்விட்டான். ஒன்பது இருபத்தைந்துக்குக் கதவு திறந்தது. குண்டூசி யாருடைய முகத்தையும் பார்க்காமல் வந்து கிட்டாரை மாட்டிக்கொண்டான்.

தொடங்கினார்கள். பல்லவி முடிந்தது. கிட்டார் பிந்தியது. மாஸ்டரின் கால் துடித்தது. நெற்றியில் வியர்வை பொங்கியது. கால் பெருவிரலைத் தரையில் குத்தி, தாளத்தை விடாமல் தள்ளினார். மைத்துனன் வரியை மறந்தான், தள்ளினார். டாக்டர் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அமுக்கினார், அதையும் தள்ளினார். முதல் சரணம் போயிற்று. யாரும் இதுவரை கால் வைக்காத இரண்டாவது சரணம், தப்பும் தவறுமாக, நொண்டிக்கொண்டே அதுவும் போயிற்று. கடைசிப் பல்லவி வந்தது.

அங்கேதான் வினை. பாட்டை எப்படி முடிப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. முடிவு வரை போனால்தானே அதைப் பற்றி யோசித்திருப்பார்கள்! மைத்துனன் பல்லவியை இன்னொரு தடவை பாடினான். மறுபடியும் பாடினான். மூன்று பேரும் திரும்பி மாஸ்டரையே பார்த்தார்கள். மாஸ்டர் குனிந்த தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தார். செத்தாலும் தான் நிறுத்துவதில்லை என்று புதன்கிழமையே சத்தியம் செய்திருந்தார். ஆறாவது பல்லவியில் மைத்துனனுக்குத் தொண்டை கட்டியது. ஒன்பதாவதில் டாக்டர், "மாஸ்டர், போதும், எனக்குக் கை வலிக்குது!" என்று கெஞ்சினார்.

"நிறுத்துடா!" என்று கத்தினான் குண்டூசி.

"மாட்டேன்டா!"

குண்டூசி வந்து அவர் இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்துக்கொண்டான். அவனுக்கு மூச்சு வாங்கச் சிரிப்பு. பதினொரு நிமிடம் என்றது டாக்டரின் போன். யாரிடம் என்ன தப்பு என்று அன்றைக்கு ஒருவரும் பேசவில்லை. பேச எவருக்கும் தெம்பு இல்லை.

கிளம்பும்போது குண்டூசி கிட்டாரைக் கொண்டுபோய் மருந்து அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் சாய்த்து வைத்தான்.

"வாரா வாரம் யார் இதைத் தூக்கிட்டு அலையறது? இங்கேயே கிடக்கட்டும்."

"இது என்ன கிளினிக்கா, குடோனா?" என்றார் டாக்டர். "நாளைக்குக் காலையில பேஷன்ட் வருவாங்க."

"டாக்டர், டாக்டர், தயவுசெஞ்சு அதை எடுக்கச் சொல்லிடாதீங்க" என்றார் மாஸ்டர். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க, மைத்துனனைப் பார்த்து, "நாற்காலியை இழுத்துப் போடேன்டா, மசமசன்னு நிக்கற" என்று எரிந்து விழுந்தார்.