சிம்மக்கல்லில் ஒரு ரபி

சிம்மக்கல்லில் டீக்கு நிற்கிறோம். உடன் வந்திருக்கும் அமெரிக்க நண்பர் ஒரு ரபி, யூத மதகுரு. உச்சந்தலையில் அப்பளம் அளவுக்குத் தொப்பி. வேற்று மதத்தாரைக் காதலித்த தம் சபையாருக்குக் கல்யாணம் செய்துவைத்தார். ஜெப ஆலயத்திலேயே போருக்கு எதிராகப் பேசினார். சபை அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இதையெல்லாம் நான் சொல்லக் கேட்ட டீ மாஸ்டருக்கு ஒரே சந்தேகம்.

"கண்டன போஸ்டர் ஒட்டுனாங்களாண்ணே?"

"இல்ல, ஈமெயில்தான்."

"போஸ்டர் இல்லாம அதென்னண்ணே எதிர்ப்பு?" காதுகுத்துக்கும் கண்டனத்துக்கும் இடம் போதாமல் திணறும் எதிர்ச்சுவரைக் காட்டுகிறார்.

நான் மொழிபெயர்க்க, ரபி குலுங்கிச் சிரிக்கிறார். மாஸ்டர் டீயை ஆற்றியபடி, "அவரு கட்டிவச்ச சோடிக உசுரோட இருக்காங்களா?" என்கிறார், வெகு சாதாரணமாக.

என்ன கேட்கிறார் என்கிறார் ரபி.

சீனி போதுமா என்று கேட்கிறார் என்கிறேன்.